வேலையை விடாமல் படையில் சேரலாமா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை. லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வார நாட்களில் கணக்காளர். மாதத்தில் ஓரிரு சனி, ஞாயிறு மட்டும் பிரித்தானிய இராணுவத்தின் ரிசர்வ் படையில் சீருடை போடுகிறாராம். "இங்கேயும் இராணுவத்தில் தொண்டர் படை என்று ஒன்று இருக்கிறதே. என் வேலையை வைத்துக்கொண்டே அண்ணன் மாதிரி நானும் சேரலாமா? அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறா. அவவுக்கு நான் என்ன சொல்வது?" இதுதான் கேள்வி.

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன், தம்பி. சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் உங்கள் அண்ணன் செய்கிற மாதிரி, திங்கட்கிழமை காலையில் மறுபடி அலுவலக மேசைக்கு வந்து உட்காருகிற மாதிரி, ஒரு சாதாரண அரச உத்தியோகத்தருக்கு இங்கே நடைமுறையில் வழியில்லை. ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. நான் படிப்பித்த காலத்தில் பாடசாலை மாணவர் படையணிக்குப் பொறுப்பாக இருந்தவன். தொண்டர் படையில் சேர்ந்த பெடியன்மாரையும், வெளிநாட்டில் ரிசர்வில் இருக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் செய்வது என்னவென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 1908 இல் பிரித்தானியாவில் 'டெரிட்டோரியல்' படை என்று தொடங்கியது. பிறகு நீண்ட காலம் டெரிட்டோரியல் ஆர்மி என்று இருந்து, 2014 இல் ஆர்மி ரிசர்வ் என்று பெயர் மாறியது. சேர்ந்தவர் வழக்கமாக ஆண்டுக்கு 27 நாள் பயிற்சிக்குப் போகவேண்டும். சில பிரிவுகளுக்கு 19 நாள். அதில் இரண்டு வாரம் தொடர்ச்சியான முகாம், மிச்சம் வார இறுதிகளும் மாலை வகுப்புகளும். போன நாளுக்குச் சம்பளம். வருடப் பயிற்சியை ஒழுங்காக முடித்தால் வரியில்லாமல் ஒரு தொகை தனியாகக் கிடைக்கும். ஊருக்கு ஊர் பயிற்சி நிலையம் இருப்பதால் பஸ் ஏறிப் போய் வந்துவிடலாம்.

இவ்வளவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையின் உயிர் சனி ஞாயிறில் இல்லை. 1996 இல் வந்த ரிசர்வ் படைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அவரைக் கட்டாய சேவைக்கு அழைக்கலாம். 2003 இல் ஈராக் போருக்கு அப்படித்தான் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு அழைப்புக் கடிதம் போனது. போய்வந்தவரை முதலாளி மறுபடி வேலைக்கு எடுக்கவேண்டும் என்று 1985 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டு நிலைமை, படிப்பு என்று காரணம் காட்டி விலக்குக் கேட்கவும், மறுத்தால் மேன்முறையீடு செய்யவும் வழி உண்டு. ஆக, பயிற்சிதான் பகுதிநேரம். போட்ட கையெழுத்து இருபத்துநான்கு மணிநேரமும் நடப்பில் இருக்கும். உங்கள் அண்ணனுக்கும் இது தெரிந்திருக்கும். கலியாண வீட்டில் சொல்லும்போது இந்தப் பகுதி வராமல் போயிருக்கலாம்.

எந்த நாட்டு ரிசர்வ் படையைப் பார்த்தாலும் நான் மூன்று விஷயம்தான் தேடுவேன்: என்னை யார் அழைக்கலாம், எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்கலாம், திரும்பி வரும்போது என் வேலைக்கு யார் பொறுப்பு. சம்பளம், சீருடை, பதவி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, இலங்கைக்கு வருவோம். இங்கே வார இறுதிப் படைதான் மூத்தது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1881 இல் தொடங்கிய தொண்டர் காலாட்படையில்தான் இன்றைய இராணுவத்தின் வேர் இருக்கிறது. கச்சேரிக் கிளாக்கர்மாரும் வக்கீல்மாரும் தோட்டத் துரைமாரும் ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை தியத்தலாவையில் முகாம் போட்ட காலம் அது. 1900 இல் தோட்டத் துரைமாருக்கென்றே தனி ரைபிள் படை உண்டாகியது. 1910 இல் எல்லாம் சேர்ந்து இலங்கைப் பாதுகாப்புப் படை என்றானது. நிரந்தர இராணுவம் 1949 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்க இராணுவச் சட்டத்தோடுதான் வந்தது. அந்தச் சட்டத்திலும் நிரந்தரப் படை, அதன் ரிசர்வ், தொண்டர் படை, அதன் ரிசர்வ் என்று தனித்தனியாகவே பிரித்து எழுதியிருக்கிறார்கள். தொண்டர் படைக்காரர் பயிற்சிக்கு வரும்போதும் சேவைக்கு அழைக்கப்படும்போதும் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். மற்ற நேரத்தில் சாதாரண குடிமகன். உங்கள் அண்ணனின் ஏற்பாடும் இதுதான்.

இடையில் 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டம் போட்டு, அது வெளிப்பட்டுப் பிடிபட்டார்கள். அதில் தொண்டர் படையின் தலைமை அதிகாரியும் இருந்தார். அதற்குப் பிறகு பீரங்கி, பொறியியல், சமிக்ஞைப் பிரிவுகளின் தொண்டர் அணிகள் கலைக்கப்பட்டன. படித்த நகர்ப்புறத்து ஆட்கள், அதிலும் எல்லாச் சமூகத்தவரும், கலந்திருந்த பழைய தொண்டர் படை அத்தோடு பெருமளவுக்கு முடிந்துபோனது என்றுதான் நான் பார்க்கிறேன்.

உங்களுக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. எண்பதுகளில் போர் பெருத்தபோது தொண்டர் படையணிகள் முழுநேர சேவைக்கு அழைக்கப்பட்டன. அன்று போன அந்த அணிகள் பழையபடி வார இறுதிக்குத் திரும்பவே இல்லை. போர் 2009 இல் முடிந்த பிறகும் தொண்டர் அணிகள் முகாம்களில் முழுநேரமாகவே இருக்கின்றன. காவற்கடமை, கட்டட வேலை, விவசாயப் பண்ணை என்று நிரந்தரப் படை செய்வதையே அவர்களும் செய்கிறார்கள். 'தொண்டர்' என்று சொல்வதால் சம்பளமில்லாத வேலை என்றோ, விரும்பும்போது விட்டுவிட்டு வரலாம் என்றோ நினைக்கவேண்டாம். சேர்ந்தால் சம்பளம் உண்டு, லீவு உண்டு, இடமாற்றம் உண்டு. மட்டக்களப்பில் கையெழுத்துப் போட்டால் மட்டக்களப்பில்தான் வேலை என்று ஒரு உறுதியும் கிடையாது. கல்லடியிலும் புணானையிலும் அம்பாறை மல்வத்தையிலும் முகாம் இருக்கிறதே, பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்துவிடவும் முடியாது. அனுமதியில்லாமல் 21 நாள் வராமல் இருந்தால் விசாரணை வைத்துத் தப்பியோடியவர் என்று பதிந்துவிடுவார்கள். பிறகு பிடியாணை, கைது. இப்படி நின்றுபோனவர்கள் சட்டப்படி விலகிக்கொள்ள அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கிறார்கள். கடைசியாக எனக்கு நினைவிருக்கும் பெரியது 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஒளித்து ஒளித்துக் கூலி வேலை செய்கிறார்கள். வெளிநாடு போகலாமென்றால் விமான நிலையத்தில் பிடிபடுவோமோ என்ற பயம். ஒரு நல்ல அரச உத்தியோகம் கையில் இருக்கும்போது இப்படியொரு நிலைக்கு நீங்கள் போகத் தேவையே இல்லை.

மருத்துவர், சட்டத்தரணி, விளையாட்டு வீரர் என்று சிறப்புத் திறமை உள்ளவர்களைத் தொண்டர் படையில் அதிகாரியாக எடுப்பதுண்டு. கிரிக்கெட் வீரர் திசர பெரேரா கஜபா படையணியின் தொண்டர் பிரிவில் மேஜராகச் சேர்ந்தது அப்படித்தான். அவர்கள் தங்கள் தொழிலையும் வைத்திருப்பார்கள். ஆனால் அது படை தேடி அழைக்கிற ஆட்களுக்கான கதவு. இன்னொன்றும் பாருங்கள்: 2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சு, இராணுவத்தின் ஆளணியை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆளைக் குறைக்கிற படையில் புதிதாகச் சேருகிறவருக்கு மேலே போகும் வழி எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

இனி ஆசிரியர்களின் வழி. இது எனக்கு நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாடசாலைக் கடேற் என்று நாங்கள் சொல்கிற தேசிய மாணவர் படையணியும் 1881 இல், கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியதுதான். இப்போது அது 1985 ஆம் ஆண்டு 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி நிறுவனமாக இயங்குகிறது. கடேற் பிள்ளைகள் படைவீரர்கள் இல்லை; அவர்களுக்குப் போருக்குப் போகும் கடமை எதுவும் கிடையாது. ஆனால் அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர், பயிற்சியும் தெரிவும் முடித்து, பதவியாணை பெற்ற அதிகாரி. இரண்டாம் லெப்டினன்டாகத் தொடங்கி கப்டன், மேஜர் என்று உயரலாம். வார நாளில் கணிதமோ சமூகக்கல்வியோ படிப்பிக்கிறார், பின்னேரத்தில் மைதானத்தில் அணிநடை, வருடத்தில் சில காலம் முகாம். இலங்கையில் உண்மையாகவே பகுதிநேரமாக நடக்கிற சீருடைச் சேவை என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் கடேற் அணி இருக்கிறது. சிலவற்றில் பாண்ட் அணியும். முகாம் என்றால் மகாவலிக் கரையில் ரந்தம்பே. செங்கலடிச் சந்தியால் திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று பஸ் போகும்போதே பிள்ளைகளுக்கு வயிற்றில் கலக்கம் தொடங்கிவிடும். அங்கே கட்டளை எல்லாம் சிங்களத்தில். ஊரில் பழகியிருந்தாலும், முதல் நாள் காலையில் பெரிய மைதானத்தில் வேறொருவரின் குரலில் கேட்கும்போது நாலு பேர் இடப்பக்கம் திரும்பவேண்டிய நேரத்தில் வலப்பக்கம் திரும்புவார்கள். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிடும். ராத்திரியில் விறாந்தையில் வரிசையாக இருந்து இடுப்புப் பட்டியின் பித்தளைப் பூட்டை பிராசோ போட்டுத் தேய்ப்பார்கள். சப்பாத்தின் மூக்கில் பொலிஷ் பூசி, பஞ்சைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சின்ன வட்டமாக உருட்டுவார்கள். மண்முனைப் பிள்ளைக்கும் மாத்தறைப் பிள்ளைக்கும் அந்த நேரத்தில் பொதுவாக இருப்பது ஒரு பொலிஷ் டப்பா மட்டும்தான். 'உன்னுடையது எப்படி இப்படி மின்னுது' என்று கையால் கேட்டுப் பேச்சுத் தொடங்கும். எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விறாந்தையில் நடந்ததில் பாதி கூட அங்கே நடந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிறீர்கள், ஆசிரியர் சேவையில் இல்லை. ஆகவே இந்த வழி இப்போது உங்களுக்கு நேராகத் திறக்காது. பட்டதாரியாக ஆசிரியர் சேவைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அப்போது யோசியுங்கள்: கடேற் அணி உள்ள பாடசாலையாகப் பார்த்து, அதிபரின் சிபாரிசோடு போகவேண்டும். சுலபமான வேலை என்று நினைக்கவேண்டாம். சனிக்கிழமைகள் போகும். பிள்ளைகளின் பயணச் செலவுக்குப் பழைய மாணவர்களிடம் கை நீட்டவேண்டி வரும்.

சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. எண்பதுகளில் ஊர்காவல் படை என்று தொடங்கியதுதான் 2006 இல் திணைக்களமானது. இப்போது காவற்கடமை, யானை வேலிப் பராமரிப்பு, பண்ணை என்று வேலை. அதுவும் முழுநேரம்தான், அரச உத்தியோகத்தோடு சேர்த்துச் செய்ய முடியாது.

இனி உங்கள் அம்மா.

அவ மறுப்பதை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்குப் 'படை' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். 1989 இல், இந்திய இராணுவம் போகப்போகிற கடைசி மாதங்களில், தமிழ்த் தேசிய இராணுவம் என்று சொல்லி, அவர்களோடு நின்ற தமிழ் இயக்கக்காரர் ரியூஷனுக்குப் போன பெடியன்மாரையும் ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்சப் பயிற்சியோடு விடப்பட்ட அந்தப் பிள்ளைகள் பலர் சில மாதத்திலேயே செத்துப்போனார்கள். 1990 இல் சத்துருக்கொண்டான், வீரமுனை, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர் என்று நடந்த படுகொலைகளில் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிப் பிணம் சுமந்தார்கள். ஊர்காவல் படையின் சீருடை ஒரு ஊருக்குக் காவலாகவும் அடுத்த ஊருக்குக் கிலியாகவும் இருந்தது. பிறகு புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டு முகட்டில் ஒளித்துவைத்த தாய்மார் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு ரோட்டோரம் இருக்கிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்தான். எந்தப் பக்கத்துச் சீருடையும் அந்தத் தாய்க்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை.

அதற்காகத் தமிழ்ப் பிள்ளைகள் யாரும் சேரவில்லை என்று சொல்ல முடியாது. 2012 கடைசியில் கிளிநொச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவ மகளிர் படையணியில் சேர்த்தார்கள். வேலையில்லாத குடும்பங்களுக்குச் சம்பளம் வந்தது. கூடவே, என்ன வேலை என்று சரியாகச் சொல்லாமல் சேர்த்தார்கள் என்ற குறையும் எழுந்தது. கிழக்கிலும் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவில் வரும்போது சந்தியில் இறங்கி, சிவில் உடுப்பில் வீட்டுக்கு நடந்துவருகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஊர் அவனை ஒதுக்கவில்லை, ஆனால் அவன் வரும்போது பேச்சு நின்றுவிடும். அந்தத் தனிமையைத் தாங்க முடியுமா என்று சேருவதற்கு முன்னேயே தன்னைத் தானே கேட்கவேண்டும். என் கருத்தைக் கேட்டால், தமிழ் பேசுகிறவர்கள் நாட்டின் படைகளில் இருக்கவேண்டும். இல்லாதவரை அது எல்லாருடைய படையும் ஆகாது. ஆனால் அந்தப் பாரத்தை இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவரின் தலையில் வைக்கக் கூடாது. முதலில் அரசாங்கம்தான் நடந்தவற்றுக்குப் பொறுப்புச் சொல்லி வழி திறக்கவேண்டும்.

அம்மாவிடம் சமாதானம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து, 'உங்களுக்கு அந்த நேரம் என்ன நடந்தது' என்று கேளுங்கள். பல வீடுகளில் இது பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமலே கிடக்கிறது.

இந்தப் பதிலை வாசிக்கிற வேறு வீடுகளுக்காகவும் கொஞ்சம் எழுதவேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பில் பாதிக் குடும்பங்களுக்கு வெளிநாட்டில் ஒரு கிளை இருக்கிறது. சுவிசில் பிறந்து வளர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த ஆண் பிள்ளைகளுக்கு இது விருப்பமில்லை, கடமை. பதினெட்டு வயதளவில் கடிதம் வரும். உடல், மனப் பரிசோதனை முடிந்து தகுதியானால் 18 வாரம் அடிப்படைப் பயிற்சி. பிறகு வேலைக்கோ படிப்புக்கோ திரும்பி, ஆண்டுக்கு ஒரு மூன்று வாரம் என்று ஆறு தடவை மீள்பயிற்சி. சாதாரண வீரருக்கு மொத்தம் 245 நாள். விரும்பினால் 300 நாளை ஒரே மூச்சில் முடிக்கிற வழியும் உண்டு. துவக்கை வீட்டில் வைத்திருக்கிற நாடு அது; ஊரிலிருந்து போன அம்மம்மா அலுமாரியில் அதைக் கண்டு நடுங்கிப்போனதாக ஒரு குடும்பத்தில் சொன்னார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 80 வீதத்தை வருமான இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதி கொடுக்கிறது, அதனால் முதலாளியும் முகம் சுளிப்பதில்லை. ஆயுதம் தொட மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் சிவில் சேவை செய்யலாம், ஒன்றரை மடங்கு நாட்கள். தகுதியில்லை என்று இரண்டும் செய்யாதவருக்கு வருமானத்தில் 3 வீதம் வரி. போரிலிருந்து தப்பிப் போன பெற்றோர் மகனை இன்னொரு படைக்கு அனுப்பத் தயங்குவது எனக்கு விளங்குகிறது. அப்படியானவர்கள் சிவில் சேவை என்ற வழியைப் பிள்ளையோடு பேசுங்கள். கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள், அது தண்டனையில் போய் முடியும்.

சிங்கப்பூரில் நிரந்தர வதிவிடம் எடுக்கிற அப்பாமாரும் கவனியுங்கள். உங்களுக்கு விலக்கு இருந்தாலும், உங்கள் மூலம் வதிவிடம் பெறுகிற மகன் இரண்டு வருடம் முழுநேர தேசிய சேவை செய்யவேண்டும். பிறகு பத்து வருடச் சுற்றுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை அழைப்பார்கள். கனடாவில் 2022 கடைசியிலிருந்து நிரந்தர வதிவாளர்களும் படைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ரிசர்வ் முழுக்க விருப்பம்தான்.

இந்த நாடுகளில் ஒன்றுகூட, மட்டக்களப்பில் இருக்கிற உங்களை ஏஜென்சி மூலம் 'பகுதிநேரப் படை வேலைக்கு' எடுக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன். முன்னாள் இராணுவத்தினர் பலரைக் காவல் வேலை, சமையல் வேலை, நல்ல சம்பளம், குடியுரிமை என்று சொல்லி ரஷ்ய, உக்ரைன் போர்முனைக்குக் கொண்டுபோய் விட்டது 2024 இல் பெரிய பிரச்சினையாகி, பாதுகாப்பு அமைச்சு முறைப்பாடு எடுக்கத் தனிப் பிரிவே வைக்கவேண்டி வந்தது. பலர் திரும்பி வரவில்லை. அப்படி யாராவது பாஸ்போட் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தம்பி, உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது எனக்குப் பட்டது ஒன்று. உங்களுக்குத் துவக்கில் ஆசையில்லை. வாரம் முழுக்கப் பைல் பார்க்கிற வேலைக்கு வெளியே, உடம்பு வளைந்து, ஒழுங்கோடு, நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஒன்றில் இருக்கவேண்டும் என்கிறீர்கள். அந்த ஆசை நல்லது. அதற்கு இந்த இரண்டு மாவட்டத்திலும் தேவை நிறைய இருக்கிறது.

1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் எல்லாவற்றிலும் முதல் ஆறு மணித்தியாலம் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரர்தான். 2024 நவம்பர் கடைசியில் காரைதீவில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனபோதும், படையினர் தேடலுக்கு இறங்கினார்கள், ஊர் இளைஞர்களும் இறங்கினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கயிறு கட்டி இறங்கப் பயின்றவர், உயிர்காப்பு அங்கி அணிந்தவர், யார் எந்தக் கரையில் நிற்பது என்று தீர்மானிக்கிறவர் ஊருக்குள் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் நேஷனல் கார்டும் மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி எடுக்கிறது; வெள்ளம், புயல் என்றால் ஆளுநர் அழைப்பார். ஜெர்மனியில் 1950 இல் தொடங்கிய டெக்னிஷெஸ் ஹில்ஃப்ஸ்வெர்க் ஆயுதமே இல்லாத தொண்டர் அமைப்பு. மேசனும் மின்சாரக்காரரும் இன்ஜினியரும் ஊர் ஊராகப் பதிந்திருப்பார்கள். அழைப்பு வந்தால் வேலையிலிருந்து போகலாம், முதலாளியின் நட்டத்தை அரசு கொடுக்கும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்முனையிலும் வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் வெல்லாவெளியிலும், தமிழும் முஸ்லிமும் சிங்களமும் கலந்த, தமிழில் கட்டளை கேட்கக்கூடிய, படகும் பம்பும் கையில் உள்ள ஒரு பகுதிநேர அணி. அரச உத்தியோகத்தருக்கு அதற்கென்று கடமை லீவு. வடகீழ்ப் பருவம் ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் ஜனவரி வரை தவறாமல் வருகிறது, ஆகவே பயிற்சிக்குச் சித்திரை முதல் புரட்டாதி வரை நேரம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு பிடி உண்டு. கிராம மட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுக்கள் தாளில் இருக்கின்றன. உங்கள் பிரிவில் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் வெளிநாடு போயிருப்பார்கள். மிச்சம் பாதியைக் கூப்பிட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தில் கேட்டு ஒரு முதலுதவி வகுப்பு வையுங்கள். மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் மீட்புப் பயிற்சிக்கு எழுதுங்கள்.

இதற்குப் பிறகும் தொண்டர் படைதான் என்று மனம் நின்றால், அது உங்கள் உரிமை, யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் முகாமுக்குப் போகுமுன் உங்கள் திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்: சேர்ந்தால் என் பதவி என்னாகும், சம்பளமற்ற லீவா, விலகலா, ஓய்வூதியக் காலம் தொடருமா. வாய்ப் பதிலை ஏற்காதீர்கள். ஆட்சேர்ப்பு அதிகாரியிடம் ஒப்பந்தத்தின் காலம், முன்கூட்டி விலகும் நிபந்தனை, காயப்பட்டாலோ இறந்தாலோ குடும்பத்துக்குக் கிடைப்பது ஆகியவற்றைத் தமிழில் கேளுங்கள். தமிழில் பெறுவது உங்கள் சட்டபூர்வ உரிமை. சிங்களப் படிவத்தை 'சும்மா சைன் பண்ணுங்க, பிறகு விளங்கப்படுத்துறம்' என்றால், படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி, அம்மாவும் பக்கத்தில் இருக்க, வரி வரியாக வாசிப்பித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.